படம் பிடிக்கப் பழகுவோம்: ஹோட்டன் சமவெளியில் ஒன்றரை நாள்

வழமையாக இந்தப் பக்கத்தில் வயிற்றோட்டம், வீட்டுத்தோட்டம், சேமிப்புப் புத்தகம் என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை படம் பிடிக்கிறதைப் பற்றி எழுதப் போகிறோம். வெல்பெயார் பகுதிக்கு வேலை இல்லாமல் போச்சா என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் டிவிசனில் ஒரு வயதான அம்மா காலமானார். நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடிக்கிறதுக்கு மகள் படம் தேடினார். காம்பரா முழுக்கத் தேடியும் அடையாள அட்டையில் இருந்த படத்தைத் தவிர வேறு கிடைக்கவில்லை. விரல் நகம் அளவுப் படம். அதைப் பட்டணத்துக் கடையில் பெருப்பித்தார்கள். முகம் புள்ளி புள்ளியாகப் போய், அது அந்த அம்மாதான் என்று பேரை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதில் மனசுக்குக் கஷ்டமான விசயம் ஒன்று இருக்கிறது. அதே அம்மாவின் பெரிய கலர்ப் படம் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. ஒரு விடுதிக்காரர் அடித்த கலண்டரில், கூடையோடு சிரித்துக்கொண்டு நின்றார். யார் எடுத்தது, எப்போ எடுத்தது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கீழே பேரும் போடவில்லை. கலண்டரைத் தொங்கவிட்டிருந்த கடையில் போய்க் கேட்டபோது, வருசம் முடிந்ததும் அடுப்பில் போட்டாச்சு என்றார்கள்.

எட்டு முடிந்து சில நாளில் அந்த மகள் எங்களிடம் வந்தார். "போன்ல ஒழுங்கா படம் எடுக்க யாராவது பழக்கிக் குடுப்பாங்களா? அப்பா இன்னும் இருக்காரு" என்று கேட்டார். இந்த முகாம் அப்படித்தான் தொடங்கியது.

பட்டணத்தில் முப்பது வருசமாக ஸ்டூடியோ வைத்திருந்து இப்போது மூடிவிட்ட ஒரு அண்ணனைப் பிடித்தோம். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஏழு பேருக்கு மேல் வேண்டாம். தோட்டத்துக்குள்ளேயும் வேண்டாம். முதலாவது எங்களுக்கு விளங்கியது. கூட்டம் பெருத்தால் ஒருத்தரின் படத்தைப் பார்த்துப் பேச நேரம் இருக்காது. இரண்டாவதுக்கு ஏன் என்று கேட்டோம். "வீட்டுல நிண்டா பைப்புல தண்ணி வருதா, புள்ள சாப்பிட்டுச்சான்னுதான் கண்ணு போகும். அதோட, முதல் நாளே மனுசரை எடுக்கப் போனா வெக்கம் வரும். கல்லும் மூடுபனியும் கோவிக்காது, எத்தனை தரம் வேணும்னாலும் பிழை விடலாம்" என்றார்.

போயாவும் ஞாயிறும் அடுத்தடுத்து வந்த நாளாகப் பார்த்தோம். இல்லாவிட்டால் பேர் போய்விடும். ஒன்றரை நாளுக்காக இரண்டு பேர்க் காசை விட்டுவிட்டு வா என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நாலு பெண்கள், மூன்று வாலிபர்கள் சேர்ந்தார்கள். ஏழு பேருக்கு ஐந்து போன். பெண்களை அனுப்ப இரண்டு வீட்டில் தயங்கினார்கள். பிள்ளைக்காம்பரா அக்காவும் கூட வருகிறார் என்று சொன்ன பிறகுதான் சம்மதம் கிடைத்தது. பட்டிப்பொல பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் படுக்க இடம் தந்தார்கள். சின்னக் கதிரை, சின்ன மேசை, சுவரில் ஆனா ஆவன்னா.

முதல் பாடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. ஜன்னலோரம் வைத்து மூன்று பக்கத்தில் நின்று எடுக்கச் சொன்னார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் கோப்பை தட்டையாக, ஒட்டிவைத்த மாதிரி தெரிந்தது. பக்கவாட்டில் நின்றால் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், கோப்பை உருண்டையாகத் தெரிந்தது. ஜன்னலைப் பார்த்து நின்று, பின்னால் இருட்டாக ஒரு பலகையை வைத்ததும், அதுவரைக்கும் கண்ணுக்கே படாத ஆவி வெள்ளையாக எழும்பி நின்றது. பின்னால் இருந்து வரும் வெளிச்சமும், அதுக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டும் இருந்தால்தான் ஆவி, புகை, மூடுபனி எல்லாம் படத்தில் விழும். இதை வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கலாம். செலவு ஒரு கோப்பைத் தேத்தண்ணி.

இரவு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அந்த அண்ணன் இரண்டு பேரின் கதையைச் சொன்னார். ஒருவர் அன்சல் அடம்ஸ் என்கிற அமெரிக்கர். 1927 ஏப்ரல் 10ந் திகதி, 25 வயதில், நாலு நண்பர்களோடு கலிபோர்னியாவில் யோசமிட்டி மலைக்கு ஏறினார். அங்கே ஒரு பெரிய பாறை, பாதியாய் உடைத்த தேங்காய் மாதிரி நிற்கும். முதுகில் பாரமான கமரா, 12 கண்ணாடித் தட்டுகள். ஒரு தட்டுக்கு ஒரு படம். ஏறும் வழியில் ஒவ்வொன்றாகச் செலவழிந்து, பாறைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இரண்டு தட்டு. ஒன்றை மஞ்சள் கண்ணாடி போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான், மனசில் பட்ட அந்தப் பயங்கரம் படத்தில் வராதே என்று விளங்கியது. கடைசித் தட்டுக்குக் கடும் சிவப்புக் கண்ணாடி போட்டார். சிவப்பு, நீல வெளிச்சத்தைத் தடுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் கறுத்துப் போய்விடும். அந்தக் கடைசித் தட்டுத்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. எடுக்கிறதுக்கு முன்னாலேயே படத்தை மனசில் பார்த்துவிட வேண்டும் என்று பிறகு ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். 1940ல் அதே யோசமிட்டியில் ஆட்களைக் கூட்டி வகுப்பும் வைத்தார். இப்படி மலைக்குப் போய்ப் படம் பழகுவது நாங்கள் கண்டுபிடித்த புது விசயம் இல்லை.

மற்றவர் நமக்குக் கிட்ட உள்ளவர். ஜூலியா மார்கிரட் கெமரன். 1815ல் கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுக்க, அதுக்குப் பிறகு படம் எடுக்கப் பழகி உலகப் பேர் எடுத்தார். (நாற்பது தாண்டியாச்சு, இனி என்ன பழகுறது என்று சொல்கிற ஆட்கள் இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்.) அவருடைய புருசனுக்குத் திம்புளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875ல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார். 1879ல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில் சென் மேரிஸ் கோயில் வளவில் புதைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனையோ பேர் அந்தக் கோயிலைத் தாண்டி பஸ்ஸில் போயிருப்போம்.

இங்கே இருந்த காலத்தில் அவர் களுத்துறையிலும் தோட்டத்திலும் வேலைசெய்த ஆட்களைப் படம் எடுத்தார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுக்கு நிமிசக் கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நம்ம பாட்டன் பூட்டிமார் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர் இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனுசர்களின் படத்துக்கெல்லாம் பேர் இருக்கிறது. இங்கே எடுத்த படங்களில் பெரும்பாலும் 'இலங்கைப் பெண்', 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற மாதிரித்தான் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர் எடுக்காவிட்டால் அந்த முகமும் இருந்திருக்காது. ஆனால் கதையைக் கேட்டதும் அந்த மகள், "கலண்டர்லயும் அப்படித்தானே" என்றார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. அங்கேயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். மனுசரை எடுத்தால் கேட்டுத்தான் எடுக்கிறது. எடுத்தால் பேரையும் ஊரையும் திகதியையும் கொப்பியில் எழுதுகிறது.

இன்னொரு சட்டத்தை அண்ணன் போட்டார். நாளைக்கு ஆளுக்கு 12 படம்தான், அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கக்கூடாது என்றார். போனில் ஆயிரம் எடுக்கலாமே என்று தம்பிமார் முணுமுணுத்தார்கள்.

விடியற்காலை 6 மணிக்கு வாசலில் நின்றோம். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 1988ல் தேசிய வனமாக்கினார்கள். 2010ல் உலக மரபுரிமை இடமாகச் சேர்த்த மத்திய மலைநாட்டுக் காடுகளில் இதுவும் ஒன்று. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆற்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. பேர் வந்தது 1830களில் தேசாதிபதியாக இருந்த ஹோட்டன் என்பவரால். சிங்களத்தில் மகாஎலிய என்று சொல்வார்கள். பொலித்தீன் பைகளை வாசலில் சோதித்து எடுத்துவிடுவார்கள். ரொட்டியைக் கடதாசியிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு போங்கள்.

குளிர் எலும்புக்குள் இறங்கியது. வருசத் தொடக்க மாதங்களில் விடியப்புறம் புல்லில் உறைபனியே விழும் இடம் அது. குளிரில் போன் பற்றரி சீக்கிரம் இறங்கும். அதனால் போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேணும். குளிருக்குள் இருந்து சூடான வானுக்குள் ஏறினால் கண்ணாடியில் ஆவி பிடிக்கும். அதைச் சட்டைத் தலைப்பால் தேய்க்காமல் சுத்தமான பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

வான் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மரை, ஆட்களுக்குப் பழகிப்போய் நின்றது. ஒரு தம்பி தன்னுடைய 12 படத்தையும் அதுக்கே முடித்துவிட்டார். பிறகு நாள் முழுக்க வெறுங்கையோடு நடந்தார். நாங்கள் பாவம் பார்த்து இரண்டு படம் கூடக் கொடுக்கலாமா என்று கேட்டோம். அண்ணன் விடவில்லை.

புல்வெளியில் மூடுபனி படுத்திருந்தது. எல்லோரும் எடுத்த முதல் படம் அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக வந்தது. இதுக்குக் காரணத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கமரா தனக்கு முன்னால் உள்ள எதையும் நடுத்தரமான வெளிச்சம் என்று எண்ணிக்கொள்ளும். மூடுபனியோ வெள்ளை. முன்னால் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று கமரா தானாகக் குறைத்துவிடும். போனில், படத்தில் முக்கியமான இடத்தை விரலால் ஒரு தரம் தொடுங்கள். அதிலே சின்னச் சூரியன் மாதிரி ஒரு அடையாளம் வரும். அதை மேலே கொஞ்சம் தள்ளினால் மூடுபனி வெள்ளையாகும். போனுக்குப் போன் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அநேகமானவற்றில் இப்படித்தான்.

முகத்துக்கும் இதே கதைதான். வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நம்ம ஆட்களை எடுத்தால் முகம் கரி பூசின மாதிரி வரும். "நான் கறுப்புத்தானே, அப்படித்தான் வரும்" என்று ஒரு தங்கச்சி சொன்னார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கறுப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, எடுக்கிறவன் நிக்கிற இடம் பிழை" என்றார். பிலிம் காலத்தில் கொடாக் கம்பனி, நிறம் சரிபார்க்க என்று கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்புமாம். ஷேர்லி அட்டை என்று சொல்வார்களாம். வெகுகாலமாக அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்குப் பொருந்தினால் சரி என்று விட்டுவிடுவது. மற்ற நிறத்து முகங்கள் அமுங்கிப் போனதை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. சாக்லேட் கம்பனிக்காரரும் தளபாடக் கம்பனிக்காரரும் தங்கள் சாமானின் கபில நிறங்கள் ஒழுங்காக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பிலிமைத் திருத்தத் தொடங்கினார்களாம். சாக்லேட்டுக்குக் கிடைத்த மரியாதை!

அந்தத் தங்கச்சியை ஒரு மரத்து நிழலோரமாக, திறந்த வெளியைப் பார்த்து நிற்கவைத்தார். பின்னால் காட்டு இருட்டு. பிள்ளைக்காம்பரா அக்காவின் வெள்ளைச் சால்வையை முகத்துக்குக் கீழே, படத்துக்குள் விழாமல் விரித்துப் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் துணியில் பட்டுத் தாடைக்கு ஏறியது. முகத்தைத் தொட்டு எடுத்த அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கடும் வெயிலில் நெற்றிக்கு நேராக நிறுத்தி எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே குழி விழும். லயத்தில் என்றால் இஸ்தோப்புத் தூணோரம், வெளியைப் பார்த்தபடி நின்றால் இதே வெளிச்சம் கிடைக்கும்.

உலக முடிவுக்குப் போய்த் திரும்ப ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நடை. ஒன்பது பத்து மணிக்குப் பிறகு அங்கே மூடுபனி ஏறி மறைத்துவிடும் என்பதால் வேகமாக நடந்தோம். விளிம்பில் இருந்து கீழே 850 மீற்றருக்கு மேல் பள்ளம். ஒரு தம்பி தன்னைத்தானே எடுக்க முதுகைக் காட்டிப் பின்னால் நகர்ந்தார். நாங்கள் போட்ட சத்தத்தில் மற்றக் கூட்டத்தாரும் திரும்பிப் பார்த்தார்கள். போனின் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு அடிகூட நடக்கக்கூடாது. நின்று எடுங்கள், எடுத்து முடித்து நடங்கள். அந்தத் தம்பி மூன்று நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

கீழே வெகு ஆழத்தில் தேயிலை மலையும் கூரைகளும் தெரிந்தன. வெளிநாட்டுக்காரர் எல்லாம் தூர மலையைத்தான் எடுத்தார்கள். நம்ம ஆட்கள் ஏழு பேரும் அந்தக் கூரையை எண்ணினார்கள். "அது லயம்தான்", "இல்ல, ஸ்டோர்" என்று வாக்குவாதம்.

மத்தியானம் திரும்பி வந்து சின்னக் கதிரைகளில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு படத்தைத் தெரிந்தெடுத்துக் காட்ட வேணும். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் தங்களுக்குத் தெரிவதைச் சொல்ல வேணும். இதை நீங்களும் எங்கே செய்தாலும் விட்டுவிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் எல்லாப் பாடத்தையும் விட இதில்தான் கூடப் படித்தார்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியை ஒருவர் எடுத்திருந்தார். அழகுதான், ஆனால் ஒருத்தரும் அதிகம் பேசவில்லை. இன்னொருவர் வழியில் கிடந்த சிவந்த ரத்மல் பூ ஒன்றை, ஈரக் கல்லில், மிகக் கிட்டப்போய் எடுத்திருந்தார். கோயில் வாசலில் போட்ட மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். யாரோ செத்த வீட்டுப் பாதை மாதிரி என்றார் இன்னொருவர். எடுத்த பிள்ளை இரண்டையும் யோசிக்கவில்லையாம். காலில் மிதிபடப் போகுதே என்றுதான் குனிந்தாராம்.

அந்த மகள் 12ல் நாலுதான் எடுத்திருந்தார். மிச்சத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டோம். "வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார்.

வீட்டில் அப்பா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்கிற காலத்து மனுசர். மகள் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் போனை இஸ்தோப்பில் சும்மா வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலையில் அவர் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, "எடுக்கவா?" என்று கேட்டிருக்கிறார். "எடுத்துத் தொலை" என்றாராம். பக்கவாட்டு வெளிச்சம், பின்னால் இருட்டு, தேத்தண்ணிக் கோப்பையில் படித்த அதே பாடம். கத்தி, கை நரம்பு, கீழே பார்க்கிற கண். மூன்று எடுத்தார், அதில் ஒன்று சரி.

போனில் கிடந்தால் போன் போகும்போது படமும் போகும். தண்ணீரில் விழுந்த போன் எத்தனையைப் பார்த்திருக்கிறோம். நல்ல படத்தை அந்த மாதமே பட்டணத்தில் அச்சடித்து எடுத்துவிடுங்கள். பேர், ஊர், திகதியைப் பின்பக்கம் அழுத்தாமல் எழுதுங்கள். அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். ஈரம் ஊறும் சுவரில் ஒட்டவேண்டாம், சட்டம் போட்டுச் சுவருக்கும் அதுக்கும் நடுவில் ஒரு தக்கையை வையுங்கள்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் ஒருத்தரின் பேரும் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பேரெல்லாம் கொப்பியில் இருக்கிறது. இதழில் போடலாமா என்று கேட்டோம். நாலு பேர் சரி என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதனால் விட்டோம்.

அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டு, அம்மாவின் புள்ளி விழுந்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது பெரியவர் அதைக் காட்டி, "பதாகைக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். மகள் அடுப்படிக்குள் போய்விட்டார். பிறகு அவரே எங்களிடம் மெதுவாக, "அடுத்த தரம் என் கூட்டாளி ஒருத்தனையும் எடுக்கச் சொல்லணும், அவனுக்கும் ஒரு படமும் இல்ல" என்றார்.

அடுத்த முகாமுக்கும் ஏழு பேர்தான். சேர விரும்புகிறவர்கள் உங்கள் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் பேர் கொடுங்கள். போன் இல்லாவிட்டாலும் வரலாம், கம்பளிச் சட்டை இல்லாமல் வரவேண்டாம்.